பெயர் ஏறியது, எச்சரிக்கை ஏறவில்லை

மலேசியாவில், கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனையின் மருந்தகத்தில் நான் வேலை பார்த்தேன். பிரிக்பீல்ட்ஸிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே மருந்து எழுதுவதற்கென்று ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். டாக்டர் மருந்தின் பெயரைத் தட்டினால், நோயாளி ஏற்கெனவே சாப்பிடும் மருந்துக்கு அது ஆகாது என்றால் திரையில் எச்சரிக்கை வரும். தானாக வராது. எது எதோடு சேரக் கூடாது, சேர்ந்தால் என்ன ஆகும் என்று யாராவது படித்து, எழுதி, உள்ளே ஏற்ற வேண்டும். அந்த வேலை எனக்கு வந்தது.

ஆரம்பத்தில் ஆசையாகத்தான் செய்தேன். புத்தகத்தில் கண்டதையெல்லாம் ஏற்றினேன். டாக்டர்களுக்குப் பொறுக்கவில்லை. "காய்ச்சல் மாத்திரை எழுதினாக்கூட கத்துது லா!" மருத்துவப் பிரிவின் தலைவராக இருந்த பெரிய டாக்டர் ஒரு குழு அமைத்தார். இனி குழு ஒப்புக்கொண்ட எச்சரிக்கை மட்டுமே உள்ளே போகும் என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. நான் ஒருத்தி உட்கார்ந்துகொண்டு இத்தனை டாக்டர்களுக்குச் சட்டம் போட முடியுமா? முதல் சில கூட்டங்களுக்கு எல்லோரும் வந்தார்கள். அப்புறம் ஒருவருக்கு ஆபரேஷன், இன்னொருவருக்கு கிளினிக். கூட்டம் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பூஞ்சைத் தொற்றுக்குப் புதிதாக ஒரு மாத்திரை வந்தது. ஸ்டாக் வந்துவிட்டதால் அதன் பெயரை ஏற்றியாக வேண்டும். அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. ஆனால் ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மருந்தோடு இது சேர்ந்தால் ரத்தக் கசிவு வரும் என்ற எச்சரிக்கையை ஏற்றக் குழு கூட வேண்டும். பெரிய டாக்டரின் அறைக்கே போனேன்.

"டாக்டர், இந்த ஒண்ண மட்டும் இப்பவே போட்டுடவா?"

"மீட்டிங்ல வைம்மா. ஒரு மருந்துக்கு விட்டா எல்லாத்துக்கும் விடணும்."

தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்சாலை வேலை செய்த ஒரு பெண் எங்களிடம் வருவார். இதய வால்வு மாற்றியவர் என்பதால் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும். நான் விடுப்பில் இருந்த ஒரு நாளில், இளம் டாக்டர் ஒருவர் அவருக்கு அந்தப் புது மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்த வாரம் லோரி ஓட்டும் அவருடைய கணவர் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். ஈறில் ரத்தம் நிற்கவில்லை. கைகளெல்லாம் கன்றிப் போயிருந்தன. உடனே வார்டில் சேர்த்தார்கள்.

இளம் டாக்டர் மருந்தகத்துக்கு ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, நான் ரெண்டு மருந்தையும் டைப் பண்ணேன். கம்ப்யூட்டர் ஒண்ணும் சொல்லலையே. அப்ப சரின்னுதானே அர்த்தம்?"

குழு பார்த்து ஆபத்தில்லை என்று விட்டிருந்தாலும், யாருமே இன்னும் பார்க்கவில்லை என்றாலும், அந்தத் திரை ஒரே மாதிரி வெறுமையாகத்தான் இருக்கும். இத்தனை நாள் அதன் முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கும் அது உறைத்ததில்லை.

இந்த முறை கூட்டத்துக்கு எல்லோரும் வந்தார்கள். அந்த எச்சரிக்கைக்குச் சில நிமிடங்களில் ஒப்புதல் கிடைத்தது. குழு பார்க்காத மருந்தை எழுதினால், "இது இன்னும் ஆராயப்படவில்லை" என்று ஒரு வரி வர வேண்டும் என்று கேட்டேன்.

"பாதி மருந்துக்கு அப்படித்தான் வரும். பேஷண்ட் பாத்தா என்ன நெனப்பாங்க?" என்றார் பெரிய டாக்டர்.

"பாதி அப்படித்தானே இருக்கு, டாக்டர்?"

முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். வரி வந்தது. சில வாரங்களிலேயே டாக்டர்கள் அதைப் படிக்காமல் பொத்தானைத் தட்டித் தள்ளப் பழகிவிட்டார்கள். இளம் டாக்டரின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. அம்பாங்கில் ஏதோ கிளினிக்கில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போகும் நாளில் கணவர் என் கவுன்டருக்கு வந்தார். சண்டை பிடிப்பார் என்று பயந்தேன். அவர் தணிந்த குரலில்தான் கேட்டார்.

"மிஸ்ஸி, அந்த மெஷின்ல இப்ப சரி பண்ணிட்டீங்களா?"

"அந்த மருந்துக்குப் பண்ணியாச்சு, அண்ணே."

"மத்ததுக்கு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இன்னும் நெறைய பாக்கி இருக்கு. புதுசா எந்த மருந்து குடுத்தாலும் வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி எங்கிட்ட காட்டுங்க."

அவர் கையிலிருந்த பிளாஸ்டிக் பையைத் திறந்து, அன்றைக்கு வார்டில் கொடுத்த மாத்திரைகளை என் முன்னால் எடுத்து வைத்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அதில் ஒன்றைப் பற்றி எனக்கே நிச்சயமில்லை. அவரை உட்காரச் சொல்லிவிட்டுப் புத்தகத்தை எடுத்தேன்.