தங்கரத்தினம் அக்கா வெட்டிய வசனங்கள்

தங்கரத்தினம் அக்கா போய்விட்டார் என்று, சந்தைக்குக் கிழங்கு கொண்டுவந்த வெலிமடைக்காரர் ஒருவர்தான் சொன்னார். வேலையை விட்டபின் அக்கா அங்கே தம்பி வீட்டில் இருந்தார். எடுப்பதற்குமுன் போய் முகம் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

பதுளையில் வழக்குப் பார்க்கும் ஒரு புரக்டரின் கந்தோரில் அவர் தட்டச்சு, நான் எழுத்தர். பிரஜாவுரிமைச் சட்டம் வந்ததிலிருந்து, இலங்கைக் குடியுரிமை கேட்டுத் தோட்டத் தொழிலாளர் போடும் மனுக்கள் குவிந்தன. ஆங்கிலத்தில் எழுதும்போது எங்களுக்கெல்லாம் ஒரே வியாதி: இரண்டு முழு வசனங்களை வெறும் கொமாவால் ஒட்டிவிடுவோம். அக்கா விடமாட்டார்.

"கொமாவுக்கு முன்னையும் பின்னையும் தனித்தனிய வாசியும் தம்பி. ரெண்டும் தன்பாட்டில நிண்டால் அது ரெண்டு வசனம். புள்ளி வையும், இல்லாட்டி 'அண்ட்' போடும். கொமா அதைத் தாங்காது."

புரக்டர் எழுதியதையும் இப்படித்தான் வெட்டுவார். மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போடுவார்.

ஒருநாள் நமுனுகுலயிலிருந்து ராமையா என்ற தொழிலாளி வந்தார். இங்கேயே பிறந்தவர். மகனுக்கு முடியிறக்க, குலதெய்வக் கோயிலுக்கென்று ஒரேயொரு தடவை இந்தியா போய்வந்திருந்தார்.

"அதையும் எழுதணுங்களா மிஸ்?"

"எழுதத்தான் வேணும் ஐயா. மறைக்கக் கூடாது."

இங்கே பிறந்தேன், இங்கேயே உழைக்கிறேன், இந்தியா போய்வந்தேன், இங்கேயே சாவேன் என்று நான் எல்லாவற்றையும் கொமா போட்டு ஒரே மூச்சில் எழுதியிருந்தேன். அக்கா அதை நான்காக வெட்டினார். இந்தியப் பயணம் தனி வசனமாக நின்றது.

மனுவைத் தள்ளிவிட்டார்கள். இடைவிடாமல் இங்கேயே வசிக்கவில்லையாம்; காரணமாகக் காட்டியது அந்த ஒரு வசனத்தைத்தான். ராமையா அழவில்லை. "சாமிக்கு முடி குடுத்தது தப்புங்களா?" என்று மட்டும் கேட்டார். கொஞ்ச காலத்தில் குடும்பத்தோடு தலைமன்னாருக்குப் போய் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார்.

அக்கா உடைந்துபோனார். "நான்தான் அதைத் தனிய நிப்பாட்டிக் காட்டிக்குடுத்தனோ தம்பி?"

"சும்மா இருங்க அக்கா! ஒட்டியிருந்தாலும் தோண்டி எடுத்திருப்பாங்க" என்று கத்தினேன். கேட்டால்தானே! அதன்பிறகும் திருத்தினார். ஆனால் திருத்தும்போது யாரோடும் பேசமாட்டார்.

அவரை அறிந்த நீங்கள் அவருடைய சிரிப்பை நினைப்பீர்கள். எனக்கு மிஞ்சியது, கொமாவைக் கண்டதும் நின்றுவிடும் இந்தக் கண் மட்டும்தான். போன வாரமும் ஹல்துமுல்லைப் பக்கத்து விதவை ஒருவரின் மனுவைத் தள்ளிக் கடிதம் வந்தது. பழக்கதோஷத்தில் வசனம் வசனமாக வாசித்தேன். ஒரு பிழை இல்லை. பாவிகள், எவ்வளவு சுத்தமாக எழுதியிருக்கிறார்கள்! அந்தச் சுத்தமான ஆங்கிலத்தை அந்த அம்மாவுக்கு நான்தான் தமிழில் சொல்லவேண்டியிருந்தது.