ரெனெல் வெளிநடப்பு செய்யாத நாள்

மேற்கு ஓக்லாந்தில் எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தள்ளி ஓடெல் கில்லரியின் வீடு. லூசியானாவிலிருந்து வந்து, துறைமுகத்தில் சரக்கு இறக்கியே முதுகு வளைந்த மனிதர். மனைவி போனபின் ஒரே மகள் ரெனெலைத் தனியாக வளர்த்தார். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டால்தான் அவருக்கு அடுத்த இரண்டு நாள் ஓடும். காரில் கூட்டிப்போய்க் கூட்டிவருவது ரெனெல்.

எங்கள் தெருவிலிருந்து மருத்துவம் படிக்கப் போன முதல் பெண் அவள்தான். ஆனால் அவள் சேர்ந்த வருஷம் சாதாரண வருஷமாக இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு, தொண்ணூற்றாறில், கலிபோர்னியா மக்கள் ஓட்டுப் போட்டு ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தார்கள். இனிமேல் அரசுக் கல்லூரிகள் ஆள் சேர்க்கும்போது இனத்தைப் பார்க்கக்கூடாது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் இருந்த மருத்துவக் கல்லூரியில் புது விதிப்படி, ரெனெலையும் சேர்த்து, சில கறுப்பின மாணவர்களுக்கு இடம் கிடைக்கத்தான் செய்தது. மற்ற அத்தனை பேரும் கோபத்தில் உதறிவிட்டு வேறு மாநிலங்களுக்குப் போய்விட்டார்கள். ரெனெலின் சிநேகிதி டெலிஷா அட்லாண்டாவுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். ரெனெலுக்கும் அட்லாண்டாக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது.

"நீயும் வேண்டாம்னு சொல்லிடுடி. ஒருத்தர்கூட வரலைன்னாதான் அவங்களுக்கு உறைக்கும்" என்றாள் டெலிஷா.

"எங்கப்பாவை யாரு ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டுப் போவா? நீயா?"

"அதுக்காகப் போய் அவங்க விளம்பரத்துல பல்லைக் காட்டிட்டு நிக்கப் போறியா?"

இந்தப் பேச்சு ஓடெலின் காதிலும் விழுந்தது. அன்று சாப்பாட்டு மேசையில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "எனக்காகத்தான் இங்க இருக்கேன்னா இருக்காதே, ஷா. பஸ் ஓடுது." லூசியானாக்காரர்கள் செல்லப் பிள்ளைகளை ஷா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"போன மாசம் பஸ்ல மயங்கி விழுந்தது யாரு?"

"விழுந்தாலும் சீட்லதானே விழுந்தேன்."

அவள் இங்கேயே கல்லூரிக்குப் பணம் கட்டிவிட்டு வந்தாள்.

வகுப்பில் அவள் ஒருத்திதான் கறுப்பு. தெரிந்துதான் போனாள். ஆனால் தெரிந்திருப்பது வேறு, தினமும் அனுபவிப்பது வேறு. பாடத்தில் ஒரு இரத்த நோயின் பெயர் வரும், அது ஆப்பிரிக்க வம்சத்தில் அதிகம் என்று பேராசிரியர் சொல்வார், உடனே முன்வரிசைத் தலைகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பும். திரும்பியவர்கள் கெட்டவர்கள் இல்லை. திரும்பியது தங்களுக்கே தெரியாமல் மறுபடி குனிந்து எழுதுவார்கள்.

பிணம் அறுத்துப் படிக்கும் கூடத்தில் அவளோடு ஒரே மேசைக்கு வந்தவன் வின்ஸ்டன் லூயி. சான் பிரான்சிஸ்கோ சைனாடவுனில் பிறந்து வளர்ந்தவன். மனதில் இருப்பதை அப்படியே போட்டு உடைக்கிறவன். முதல் வாரமே கேட்டான்: "நீ பழைய விதியில வந்தியா, புது விதியில வந்தியா?"

"கதவு வழியா வந்தேன். நீ எப்படி, ஜன்னல் ஏறியா?"

அவன் சிரித்துவிட்டான். ஆனால் பேச்சை விடவில்லை. அவன் தங்கைக்கு நகரத்தின் பெயர்பெற்ற பள்ளி ஒன்றில் இடம் மறுத்துவிட்டார்களாம். சீனப் பிள்ளைகள் ஏற்கெனவே நிறைய இருக்கிறார்கள், அதனால் அவர்களுக்கு மட்டும் கூடுதல் மார்க்கு வேண்டும் என்று சொன்னார்களாம்.

"அவ அழுத அழுகையைப் பாத்தப்புறம் இனத்தைப் பாத்து இடம் குடுக்கறதை நான் எப்படி ஒத்துக்குவேன், சொல்லு."

"உன் தங்கச்சிக்கு நடந்தது தப்பு."

"அப்ப?"

"அப்பன்னா? இந்த ஊர்ல இத்தனை கறுப்பு ஜனம் இருக்கு, இந்த வகுப்புல நான் ஒருத்திதான் இருக்கேன். இதுவும் தப்பு. ரெண்டும் ஒரே சமயத்துல தப்பா இருக்கக்கூடாதா?"

மறுநாள் அவன் ஒரு பதிலோடு வந்தான். அதற்கு மறுநாள் இவள் ஒன்றோடு போனாள். மேசையில் கிடந்தவரின் தோள்பட்டைத் தசைகளைப் பிரித்துக்கொண்டே இரண்டு பேரும் சண்டை போடுவார்கள்.

அதே வகுப்பில் இருந்த மரிட்ஸா ஒச்சோவா வேறு மாதிரி. மெக்சிகோவிலிருந்து திராட்சை பறிக்க வந்த குடும்பம், வீட்டில் முதல் பட்டதாரி. சட்டத்தை எதிர்த்து மாணவர்களைத் திரட்டியவள் அவள்தான். ஒரு காலையில் ரெனெல் ரயிலிலிருந்து இறங்கி நடக்கும்போது விளக்குக் கம்பத்தில் தன் முகமே தன்னைப் பார்ப்பதைக் கண்டாள். கறுப்பு மையில் வரைந்த படம். கீழே ஒரே ஒரு சொல்: 'ஒருத்தி.' அடுத்த கம்பத்திலும் அதே. அதற்கடுத்ததிலும்.

நேராக மரிட்ஸாவிடம் போனாள். "என்னைக் கேக்காம யாரு போடச் சொன்னா?"

"கேட்டா நீ வேண்டாம்னு சொல்லுவே."

"அதுக்குத்தானே கேக்கணும்!"

மரிட்ஸாவின் முகம் வாடிவிட்டது. அன்று சாயங்காலமே தன் கையால் அவற்றைக் கிழித்தெடுத்தாள். எல்லாவற்றையும் கண்டுபிடிக்க முடியவில்லை. மழையில் ஊறிய ஒன்று கிறிஸ்துமஸ் வரைக்கும் ரயில் நிலையத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

நவம்பரில் வெளிநடப்பு. பாடம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் எல்லாரும் எழுந்து வெளியே போவதாக ஏற்பாடு. இதயத்தில் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று டாக்டர் ஹாவர்கேம்ப் பலகையில் வரைந்துகொண்டிருந்தார். மரிட்ஸா எழுந்தாள். அவளைத் தொடர்ந்து வரிசை வரிசையாக எல்லாரும் எழுந்தார்கள். ரெனெலைத் தாண்டிப் போகும்போது ஒருவன் அவள் தோளைத் தொட்டு, "உனக்காகத்தான்" என்றான். அவன் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.

அவள் எழவில்லை. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்ததால் முந்தைய வாரம் முழுக்க அவளுக்குப் பாடம் போயிருந்தது. மற்றவர்கள் தோற்றால் தோற்றவர் ஒருவர்தான். அவள் தோற்றால் அது செய்தி. "பாத்தீங்களா, அவங்களால முடியாது" என்று சொல்ல எத்தனையோ பேர் காத்திருந்தார்கள்.

கூடம் காலியானது. மூன்றாவது வரிசையில் ரெனெல். கடைசி வரிசையில் வின்ஸ்டன். வெளியே கோஷம் கேட்டது: "ரெனெல் தனியா இருக்கக்கூடாது! ரெனெல் தனியா இருக்கக்கூடாது!"

பேராசிரியர் சுண்ணக்கட்டியோடு அவள் பக்கம் திரும்பினார். "நான் நடத்தட்டுமா, மிஸ் கில்லரி?"

"அதுக்குத்தான் சார் வந்திருக்கேன்."

"என்னையும் ஒரு வார்த்தை கேக்கலாம் சார், நானும் இருக்கேன்" என்றான் வின்ஸ்டன் பின்னாலிருந்து.

ரெனெலுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அது சிரிப்பின் தண்ணீர் இல்லை என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். வின்ஸ்டன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். பாடம் நடந்தது.

அதற்கப்புறம் வந்த நாட்கள்தான் மோசம். 'அந்த ஒருத்தியே போராட்டத்தை ஆதரிக்கவில்லை' என்று கல்லூரிப் பத்திரிகையில் சட்டத்தின் ஆதரவாளர்கள் எழுதினார்கள். எங்கள் தேவாலய சபையில் இரண்டு குடும்பம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வின்ஸ்டன் அந்த ஆதரவாளர்களின் கூட்டத்துக்கே போனான். அவர்களோடு அவனுக்குப் பழக்கம் இருந்தது. "அந்தப் பொண்ணு தினமும் என்கூட சண்டை போடறா. நீங்களா அவ வாயில வார்த்தையைத் திணிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தான்.

அடுத்த வாரம் மரிட்ஸாவின் ஆட்கள் கல்லூரித் தலைவரின் அறை வாசலில் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். சாயங்காலம் ரெனெல் பெரிய உடற்கூறு புத்தகத்தோடு வந்து அவர்கள் நடுவில் இடம் பிடித்தாள்.

"அன்னிக்கு எங்க போயிருந்தே?" என்றாள் மரிட்ஸா. குரலில் குத்தல் இருந்தது.

"வகுப்புக்கு. இன்னிக்கு வகுப்பு முடிஞ்சுது. கொஞ்சம் நகந்து உக்காரு."

மூன்றாம் நாள் தலைவர் அவர்களை உள்ளே கூப்பிட்டார். சட்டம் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது என்றார். வக்கீல்கள் சொன்னதையெல்லாம் சொன்னார். ரெனெல் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இடம் கிடைச்சும் வராம போனாங்களே, அவங்க ஏன் வரலைன்னு இங்கிருந்து யாராவது ஒரு போன் பண்ணிக் கேட்டீங்களா?" என்றாள்.

தலைவர் வக்கீல்களின் தாள்களைப் புரட்டினார். ரெனெல் விடவில்லை.

"இனத்தைப் பாத்து ஆளைப் பொறுக்கறதைத்தானே சட்டம் தடுக்குது. நாங்க மாணவருங்க. இடம் கிடைச்ச எல்லாருக்கும் போன் போட்டுப் பேசினா அதையும் தடுக்குமா?"

வக்கீல்களிடம் கேட்டார்கள். தடுக்காது என்று தெரிந்தது.

வசந்தத்தில் மரிட்ஸாவின் அறையிலிருந்து மாறி மாறிப் போன் பண்ணினார்கள். ஃப்ரெஸ்னோவில் ஒரு பெண்ணுக்கு இடம் கிடைத்திருந்தது. ரெனெல் கூப்பிட்டபோது போனை எடுத்தவர் அவளுடைய அம்மா மிசஸ் பெட்டிகுரூ. மகளிடம் போனைக் கொடுக்கவே இல்லை.

"அங்க எத்தனை பேரும்மா நம்ம ஆளுங்க?"

"நான் ஒருத்திதான் மேடம்."

"லைப்ரரிக்குள்ள போனா காவல்காரன் பின்னாடியே வர்றானா?"

"முதல் மாசம் வந்தான். இப்ப குட்மார்னிங் சொல்றான்."

"சாப்பாடு?"

"உப்பு கிடையாது, காரம் கிடையாது. ஞாயித்துக்கிழமை எங்கப்பா கம்போ குழம்பு வைப்பாரு, உங்க பொண்ணு சாப்பிட வரட்டும்."

"எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லத்தானே உன்னைப் போன் பண்ணச் சொல்லியிருக்காங்க?"

"நல்லா இல்லை மேடம். தனியா இருக்கும். சில நாள் ஓடிப்போயிடலாம்னு தோணும். வந்தா ரெண்டு பேரா இருப்போம்."

"இரு, அவளைக் கூப்பிடறேன். என்கிட்ட சொன்னதையே அவகிட்டயும் சொல்லு" என்றார் அந்த அம்மா.

இலையுதிர் காலத்தில் அந்தப் பெண்ணும் இன்னும் சிலரும் வந்து சேர்ந்தார்கள். பழைய காலத்து எண்ணிக்கை இல்லை, ஆனாலும் வந்தார்கள். அந்த முதல் வருஷம் ரெனெல் ஒரு பாடத்தில் தோற்று மறுபடி எழுதித் தேறினாள். எந்தப் பத்திரிகையும் அதை எழுதவில்லை. அது அவளுக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது என்று என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். ஓடெல் அவளுடைய மூன்றாம் ஆண்டில் காலமானார். இப்போது அவள் ஓக்லாந்துக்குப் பக்கத்து ஊரான ரிச்மண்டில் சாதாரண மருத்துவர். சளி, சர்க்கரை, பிள்ளைகளுக்குத் தடுப்பூசி.

அவள் கல்லூரியில் சேர்ந்து இருபத்து மூன்று வருஷம் கழித்து, இனம் பார்க்கக்கூடாது என்ற அந்தத் தடையை எடுத்துவிடலாமா என்று மாநிலம் மறுபடி மக்களைக் கேட்டது. மறுபடி தடைதான் ஜெயித்தது. முடிவு வந்த மறுநாள் வின்ஸ்டன் சான் ஹோசேயிலிருந்து கூப்பிட்டான்.

"நீ எப்படிப் போட்டேன்னு நான் கேக்கலை" என்றான்.

"தெரிஞ்சதை எதுக்குக் கேக்கணும்? நீயும் வழக்கம்போலத்தானே?"

"இல்லை. நான் அந்தக் கேள்விக்கு மட்டும் ஒண்ணுமே போடலை. பேனாவைக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். காலியா விட்டுட்டேன்."

ரெனெலுக்குச் சந்தோஷமா, கோபமா என்றே புரியவில்லையாம்.

"இத்தனை வருஷம் கத்தினதுக்கு ஒரு காலிக் கட்டமா?" என்றாள் கடைசியில். "நீ எதிராவே போட்டிருக்கலாம், வின்ஸ்டன். சண்டையாவது போட்டிருப்பேன்."

"ஞாயித்துக்கிழமை வர்றேன். அப்ப போடு சண்டையை" என்றான் அவன்.