ஃபிலோமின் அக்கா பொறுமைசாலி இல்லை

செய்தி எனக்கு ஒரு சலுகையாக வந்தது. புதன்கிழமை மத்தியானம் டயாலிசிஸ் பிரிவிலிருந்து டெக்னீஷியன் விமலா போன் செய்தார். "சார், ஏசிக்குக் கீழ குளுருதுன்னு சொல்லிக்கினே இருந்தீங்கல்ல? பக்கத்து சேர் காலியாச்சி. நாளைலேர்ந்து அதுல உக்காந்துக்குங்க." நல்ல சேதி சொல்கிற குரலில்தான் ஆரம்பித்தார், பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது. பக்கத்து சேர் யாருடையது என்று எனக்குத் தெரியாதா? "எப்பம்மா?" என்றேன். "காலைல சார். தூக்கத்துலயே." சேருக்குச் சரி என்று சொல்லிவிட்டு, வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி அழுதேன்.

செவ்வாய், வியாழன், சனிக்காரர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். வெளியே இருப்பவர்களுக்கு ஊர், தெரு, சொந்தம் என்று ஆயிரம் அடையாளம் உண்டு. நமக்கு, இயந்திரம் ரத்தத்தைச் சுத்தம் செய்கிற கிழமைதான் அடையாளம். ஊசி குத்திய கையை அசைக்காமல் நான்கு மணி நேரம் சேரில் கிடந்து, வீட்டுக்குப் போய், ஒருநாள் விட்டு மறுபடியும் வந்து கிடக்கிறவர்கள் நாம். கல்யாணமோ கருமாதியோ, அந்தக் கிழமை போகத்தான் மற்றதெல்லாம். அப்படிக் கிடந்த வருடங்களில் என் இடது பக்கத்தில் கிடந்தவர் ஃபிலோமின் அக்கா. பஞ்சாலைத் தொழிலாளியின் மகள். பெரிய மார்க்கெட் பக்கத்தில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவர். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர்தான் என்றாலும், அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு ஒரு வணக்கமும் ஒரு கெட்ட வார்த்தையும்தான். கெட்ட வார்த்தை, தெருவில் இருந்த பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரரிடம் பொறுக்கியது. ஊசி குத்தும்போது அதைத்தான் சொல்வார்.

ஜப்பான்காரர்களின் அந்த ராக் இசை அவரை எப்படிப் பிடித்தது என்று பலரும் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். எழுந்து போய் நிறுத்த முடியாததால் பிடித்தது, அவ்வளவுதான். கிமோனோ தைப்பது எப்படி என்று போனில் வீடியோ பார்ப்பது அவர் வழக்கம். ஒரு நாள் போன் மடியிலிருந்து வழுக்கிக் கால்மாட்டில் விழுந்துவிட்டது. விமலா கடைசி சேரில் பிரஷர் இறங்கிப்போன ஒருவரைக் கவனித்துக்கொண்டிருந்தார். தையல் வீடியோ முடிந்ததும் போன் தன் இஷ்டத்துக்கு அடுத்ததைப் போட்டது. முதலில் யாரோ ஒரு ஜப்பானியப் பாட்டு வாத்தியார் ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியத்தைச் சாந்தமாக வாசித்தார். அடுத்து அதே வாத்தியம் வந்தது. கூடவே இரண்டு எலக்ட்ரிக் கிட்டார், ஒரு மூங்கில் குழல், இடி விழுந்தது போல மேளம், தொண்டை கிழியக் கத்துகிற ஒரு பெண்.

எதிர் வரிசையிலிருந்து கோவிந்தசாமி ஐயா அலறினார். "யாரும்மா அது, ஆஸ்பத்திரில சாவு மோளம் போடறது? நிறுத்து!"

"எட்டல பெரியவரே! எட்டினா நிறுத்த மாட்டனா?" என்று அக்காவும் பதிலுக்குக் கத்தினார்.

வார்டே முகம் சுளித்தது, நானும் சுளித்தேன். விமலா ஓடி வந்து குனிந்தபோது பாட்டு முக்கால்வாசி ஆகியிருந்தது. அக்கா அவர் கையைத் தட்டிவிட்டார். "விடு விமலா. முடியட்டும்."

அன்றைக்கே அந்தக் குழுவின் பாட்டை எல்லாம் தேடிப் பிடித்துவிட்டார். மறுமுறை வந்தபோது காதில் மாட்டும் வயரில் ஒன்றை என் காதில் சொருகி, போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஷாமிசென் வாசிக்கிறவள் தோசைக்கரண்டி அளவு ஒரு மட்டையால் தந்தியை அறைந்துகொண்டிருந்தாள். "பாத்தியா தம்பி? நம்மூர்ல பழைய வாத்தியம்னா பொன்னாட போத்தி ஓரமா உக்கார வச்சிருவாங்க. இவங்க அத சண்டைக்கு எறக்கி உட்டுருக்காங்க" என்றார். அவர் சொல்வது புரிந்தது. அவரையும் ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். டயாலிசிஸ் ஊசிக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து பிஸ்துலா போட்ட நாளிலிருந்து மகன் தையல் மெஷினைத் தொட விடவில்லை. மார்க்கெட்டுக்குத் தனியாகப் போகக் கூடாது, வாளி தூக்கக் கூடாது, தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். அன்பாகத்தான் பூட்டி வைத்திருந்தார்கள், அதனால் யாரையும் திட்டவும் முடியாது.

"பாஷை புரியலையே அக்கா" என்றேன் ஒருமுறை. "அதான் நல்லது. கோயில் பாட்டும் சரி, சினிமா பாட்டும் சரி, என்ன பொறுத்துக்கோ பொறுத்துக்கோன்னே சொல்லுது. இது ஒண்ணும் சொல்லல. என்கூட சேந்து கத்துது" என்றார். ஊசி இல்லாத கையால் சேரின் பிடியில் தாளம் போடுவார். தலையை ஆட்டினால் குழாய் அசையும் என்பதால் கால் கட்டைவிரல்கள்தான் ஆடும். எனக்கும் மெல்ல மெல்ல அந்தச் சத்தம் பழகி, பிறகு பிடித்து, பிறகு அது இல்லாத சனிக்கிழமை சவசவ என்று ஆகிவிட்டது.

அந்தக் குழு பெங்களூர் வருகிறது என்று தெரிந்த நாள் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நிகழ்ச்சி சனிக்கிழமை சாயங்காலம். சனிக்கிழமை நம் முறை. விமலாவிடம் கெஞ்சிக் கூத்தாடி அதற்குப் பதிலாக வெள்ளிக்கிழமை ஒரு சேர் வாங்கினார். மகனிடம் மட்டும் பெங்களூர் மாதா கோயிலுக்குப் போவதாகச் சொன்னார். "மாதா மன்னிச்சிருவா தம்பி. எம்புள்ளதான் மன்னிக்க மாட்டான்." ஒரு வாரம் அவர் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் குடித்ததை நான் பார்த்தேன். எடை ஏறினால் டாக்டர் போகக் கூடாது என்பாரே!

வெள்ளிக்கிழமை காலை அவர் வார்டுக்குள் நுழைந்தபோது, கோவிந்தசாமி ஐயாவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். நுரையீரலில் நீர் கோத்து மூச்சு வாங்குகிறது. இருந்தது ஒரு சேர். விமலா அக்காவைப் பார்த்தாராம். அக்கா அந்த பிரெஞ்சுக் கெட்ட வார்த்தையைச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் சனிக்கிழமை என் பக்கத்தில்தான் கிடந்தார். பெரிய தியாகம் செய்துவிட்டீர்கள் என்று ஆரம்பித்தேன். சீறினார். "இன்னா தியாகம்? நானா குடுத்தேன்? சேர் ஒண்ணு, ஆளு ரெண்டு. அந்தாளு மூச்ச பாத்தப்புறம் நான் இன்னா பண்ண முடியும்? எனக்கு ஆத்தரமா வருது. அவர் மேல இல்ல. இந்த மெஷின் மேல, இந்தக் கைமேல, எல்லாத்து மேலயும்." பிறகு முகத்தை மூடிக்கொள்ளக்கூட இரண்டாவது கை இல்லாமல், எல்லாரும் பார்க்க அழுதார். அந்தக் குழு திரும்பி வரவில்லை. அவரும் அதற்குப் பிறகு ஊர் எல்லையைத் தாண்டவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அடக்கப் பூசைக்கு வந்திருந்தவர்கள் கேட்டிருப்பீர்கள். சாமியார் பிரசங்கத்தில் அக்காவை, துன்பத்தை முகம் கோணாமல் ஏற்றுக்கொண்ட பொறுமையின் வடிவம் என்றார். மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா பெங்களூர் மாதாவ பாக்கணும்னு எவ்ளோ ஆசப்பட்டாங்க தெரியுமா சார், குடுத்து வைக்கல" என்று விம்மினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மகனிடம் வாயைத் திறக்கவில்லை. ஆனால் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்: ஃபிலோமின் அக்கா ஒரு நாளும் பொறுமையாக இருந்ததில்லை. எதையும் ஏற்றுக்கொள்ளவும் இல்லை. வேறு வழி இல்லாமல் வந்தார், ஒவ்வொரு முறையும் கோபத்தோடு வந்தார். அந்தக் கோபத்துக்குத் தோதான சத்தம் கடல் தாண்டி வந்து கிடைத்தது. அதற்காகத்தான் நான் அந்த ஜப்பான்காரர்களுக்கு நன்றி சொல்வேன்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டதும் அந்தக் கோபத்தைத்தான். நேற்று சனிக்கிழமை, விமலா ஊசியைக் குத்தி பிளாஸ்திரி ஒட்டிவிட்டு, எப்போதும் கேட்பது போல, "பழகிடுச்சில்ல சார்?" என்று கேட்டார். இத்தனை வருடமாக, பழகிவிட்டது என்று சொல்லி அவரைச் சிரிக்க வைத்து அனுப்புவேன்.

"இல்லம்மா, பழகல" என்றேன். "பழகவும் மாட்டேன்."