அம்மாவுக்குப் பட்டுச்சேலை

அம்மா மாஞ்சோலை எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறித்தவள். நல்ல கறுப்பு. அப்பாவின் தங்கை, என் அத்தை, அவளை ஒரு நாளும் மதினி என்று கூப்பிட்டதில்லை. வாய்க்கு வாய் ‘கறுப்பி’தான்.

அம்மா செத்தபின் சுவரில் மாட்ட ஒழுங்கான போட்டோ இல்லை. வாக்காளர் அட்டையில் இருந்த படத்தில் முகமே தெரியாது. அதனால் செல்போனில் ஏஐயிடம் எழுதிக் கேட்டேன்: ஐம்பது வயதுத் தமிழ்ப் பெண், பட்டுச்சேலை, சிரித்த முகம். செக்கச்செவேலென்று நகைக்கடை விளம்பரக்காரி ஒருத்தி வந்தாள். ‘கறுப்பு’ என்று சேர்த்தேன். நிறம் வந்தது, பட்டு போய்விட்டது. கிழிந்த சேலையில் கையேந்தி நின்றாள். எவன் கேட்டான் பிச்சைக்காரியை? மறுபடி பட்டு என்றேன். மறுபடி வெளுத்துவிட்டாள். சாயங்காலம் முழுக்க மல்லுக்கட்டினேன். கறுத்த பொம்பளைக்குப் பட்டு கட்டிவிட அந்தச் சனியனுக்குத் தெரியவே இல்லை.

“போதும்லே, இதுதான் லட்சணமா இருக்கு” என்று அண்ணன் அந்தச் சிவத்தவளையே பிரேம் போட்டுவிட்டான்.

முதல் வருசத் திவசத்துக்கு அத்தை வந்தாள். மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்ததும் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள்.

“எம் மதினி! அச்சு அசலா எம் மதினியேதாம்லே!”