பத்து ரூபாய்க்கு மேல் வாங்குவதில்லை

தேர்தல் நிதி ரசீதுப் புத்தகத்தோடு ஒருத்தி தெருவில் நுழைந்தால், அதுவரை சும்மா படுத்திருந்த நாய்க்குக்கூடத் தன் கடமை ஞாபகம் வந்துவிடும். கோயில் கும்பாபிஷேகத்துக்கோ சங்கத்துக்கோ வசூலுக்கு அலைந்தவராக நீங்கள் இருந்தால், மேற்கொண்டு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன். நம் வேதனை நமக்குத்தானே தெரியும்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த வருஷங்கள் அவை. ரோடெல்லாம் மறியல். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போக வேண்டிய கரும்பு டிராக்டரிலேயே காய்ந்தது. பல்கலைக்கழகத்தை மூடி விடுதியைக் காலி செய்யச் சொன்னார்கள். அரசியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நான் சங்கராபுரம் வந்து சேர்ந்த நேரம் பார்த்துத் தேர்தல். பெரிய கட்சிகள் நிறுத்தியது எல்லாம் வெளியூர் ஆட்கள். எங்கள் தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருந்த ராஜவேலு அண்ணன், "நம்ம ஊரு ஆளு ஒருத்தன் நின்னா இன்னா?" என்று சுயேச்சையாக மனு போட்டுவிட்டார்.

விடுதியில் நான் தொண்டை வற்றப் பேசியதெல்லாம் இதைத்தான். ஓட்டு எங்கிருந்து வருகிறதோ பணமும் அங்கிருந்துதான் வர வேண்டும். விட்டேனா? வசூல் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டு இரண்டு விதி எழுதினேன். தொகுதிக்கு வெளியே காசு வாங்கக் கூடாது. ஒருத்தரிடம் பத்து ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. அண்ணன் படித்துப் பார்த்துவிட்டு மூன்றாவதாக ஒன்று சேர்க்கச் சொன்னார். தேர்தல் முடிந்து அவர் பஞ்சர் ஒட்டப்போவது இதே ஜனத்துக்குத்தான். வேறு எது போனாலும் அவர்கள் வாசலில் நிற்கும் முகம் போய்விடக் கூடாது என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே பயம். "நாளைக்கு எந்த வாசல்ல நான் கூச்சமில்லாம போய் நிக்க முடியாதோ, அந்தக் காசு மட்டும் வாணாம்மா."

மைக்கில் சொல்லாத பேர்

முதல் நாள் வசூல். ஊர்ப் பெரியவர் கோவிந்தன் மடியிலிருந்து அஞ்சு ரூபாயை எடுத்துக் கொடுத்தார். நான் பெருமையாக ரசீது கிழித்து நீட்டினேன். அவர் அதைத் தொடவே இல்லை. "ரசீது கெடக்கட்டும். மைக்குல பேர சொல்லலியே?" என்றார். பின்னால் சைக்கிளில் கட்டியிருந்த ஒலிபெருக்கியைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. கல்யாணத்தில் மொய் வைத்தால் ஊர், பேர், தொகை மூன்றையும் மைக்கில் சொல்வார்கள் இல்லையா? அவர் கணக்கில் இது மொய்.

விடுவேனா நான்? மொய் என்பது திருப்பிச் செய்ய வேண்டியது, தேர்தல் நிதி அப்படி இல்லை, இது உரிமையோடு கொடுப்பது, இதற்கு எதிர்பார்ப்பு கூடாது என்று நடுத்தெருவில் அரை மணி நேரம் பாடம் நடத்தினேன். வேறு வழியில்லாமல் கடைசியில் மைக்கிலும் சொன்னேன். தெருவே வெளியே வந்தது; இருபது பேர் வரிசையில் நின்று மொய் வைத்தார்கள். கோவிந்தன் போகும்போது என் முதுகைத் தட்டிக் கொடுத்தார். "நீ இன்னா பேர் வேணா வெச்சிக்கோ பாப்பா. எம் பேத்தி காதுகுத்துக்கு ராஜவேலு வந்தே ஆவணும், சொல்லிப்புட்டேன்."

ரெண்டு கை கடுக்காய்

கல்வராயன் மலைக்குப் போக கச்சிராயபாளையத்தோடு பஸ் நின்றுவிட்டது. மேலே நடைதான். ஜாகீர்தார் ஆட்சி போய் மலைக்காரர்கள் ஓட்டுப் போடத் தொடங்கிக் கொஞ்ச வருஷங்களே ஆகியிருந்தன. நாங்கள் போன ஊரில் காசு யார் கையிலும் இல்லை. சின்னப்பொண்ணு என்கிற பெண், கீழே சந்தையில் விற்க வைத்திருந்த காய்ந்த கடுக்காயில் ஒரு கூடையைத் தூக்கிவந்து அண்ணன் காலடியில் வைத்தாள்.

விதி எழுதியவள் நான் அல்லவா! கையால் தூக்கிப் பார்த்து, "இது பன்னெண்டு ரூபா போகும், பத்துக்கு மேல வாங்கக் கூடாது" என்றேன். அண்ணன் என்னை முறைத்தார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. உட்கார்ந்து, கூடையிலிருந்து ரெண்டு கை கடுக்காயை அள்ளித் தன் முந்தானையில் போட்டுக்கொண்டாள். "இப்ப சரியா இருக்குதா?" என்றாள். சரியாக இருந்தது. மலைக்காரியிடம் கூடவா கறார் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. மன்னிப்பு மாதிரி எதையோ முணுமுணுத்தேன். அவள் சிரித்தாள். "கீழ இருந்து ஏறி வர்ற கட்சிக்காரங்க எல்லாம் எங்களுக்குக் குடுக்கத்தான் பாப்பாங்க. எங்ககிட்ட இருந்து ஒண்ணு வேணும்னு கேட்டது நீங்கதான்."

விலாசம் இல்லாத பெரிய மனுஷர்

தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது சுவர் எழுதும் சுண்ணாம்பு தீர்ந்தது; வாங்கக் காசும் இல்லை. சுவரெல்லாம் பாதி எழுத்தோடு நின்றது. அப்போதுதான் சைக்கிள் கடை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் சென்னையில் காண்ட்ராக்ட் எடுப்பவர், அண்ணனுடைய சாதிக்காரர். "நம்ம சனம் ரோட்ல அடிபட்டுக்கினு இருக்குது. நீ ஊரு கீருன்னு பேசாத. நம்ம ஆளுன்னு ஒரு நோட்டீஸ் போடு. ஜீப்பு, பணம் எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று ஒரு கவரை டயர்களுக்கு மேல் வைத்தார். அண்ணனும் மறியலில் அடி வாங்கியவர்தான். முதுகில் தடம் இன்னும் இருந்தது. "ஒதுக்கீடு நம்ம உரிமை, அதுக்கு எங்க கூப்புட்டாலும் வரேன். ஆனா எங்கிட்ட பஞ்சர் ஒட்ட வர்றவன் எல்லா சாதியும்தாண்ணே" என்றார் மெதுவாக.

இப்போது உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். விதி எழுதிய நான்தான் அந்தக் கவரைப் பார்த்ததும் தடுமாறினேன். "அண்ணே, நோட்டீஸ் வேணாம், பணத்த மட்டும் வாங்கிக்கலாமே. இவரு ஆயா ஊரு நம்ம தொகுதிதானாம்" என்று வாதாடவே ஆரம்பித்துவிட்டேன். அண்ணன் மனைவி காசாம்பு அக்கா, டீ தம்ளரோடு வந்தவர், கவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வந்தவரிடம் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "அண்ணே, உங்க வூடு எங்கங்க? நாளைக்கு உங்க வூட்டு விசேஷத்துக்கு வந்து இத நாங்க திருப்பி வெக்கணுமே?" அவர் பெரிதாகச் சிரித்து, இதையெல்லாம் திருப்ப வேண்டாம் என்றார். அக்கா கவரை எடுத்து, தம்ளரோடு சேர்த்து அவர் கையில் கொடுத்தார். "டீ குடிச்சிட்டுப் போங்கண்ணே. திருப்ப வாணாம்னு மொய் வெக்கிற பழக்கம் எங்க ஊர்ல இல்லீங்க."

எண்ணிக்கை நாள்

டெபாசிட் போய்விட்டது. பாதி எழுதிய சுவர்கள் எல்லாம் என்னையே பார்ப்பது போலிருந்தது. அந்தக் கவரை வாங்கியிருந்தால், அந்த ஜீப் இருந்திருந்தால் என்று கடையின் பின்கட்டில் உட்கார்ந்து குமுறிக்கொண்டிருந்தேன். ஜனநாயகத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த அத்தனை கெட்ட வார்த்தையையும் சொல்லி முடித்தேன். காசாம்பு அக்கா தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தார். "மொதல்ல துண்ணு. மிச்ச அழுகைய துண்ணுட்டு அழுவலாம்."

தாம்பூலம்

ஒரு மாதத்தில் அழைப்புப் பத்திரிகைகள் வர ஆரம்பித்தன. கோவிந்தனின் பேத்திக்குக் காதுகுத்து. அவர் தெருவில் ஒரு கிரகப்பிரவேசம். இன்னொரு தெருவில் மஞ்சள் நீராட்டு. மைக்கில் பேர் சொன்ன அத்தனை பேரும் முறையாக அழைத்தார்கள். "அண்ணே, சட்டப்படி இது திருப்ப வேண்டிய பணமே இல்ல" என்று நான் இன்னும் வாதாடிக்கொண்டிருந்தேன். அவர் காது கொடுக்கவில்லை. பகலில் பஞ்சர் ஒட்டி, சாயங்காலம் சட்டை மாற்றி, ஒரு விசேஷம் விடாமல் சைக்கிளில் போய்வந்தார்.

கடைசியாக, சந்தைக்கு இறங்கி வந்த சின்னப்பொண்ணு வெற்றிலை பாக்கு வைத்து மகள் கல்யாணத்துக்கு அழைத்தாள். நானும் அக்காவும் கூடவே மலை ஏறினோம். மேலே மைக் இல்லை, ஒருவர் கல்மேல் ஏறி நின்று கத்தினார்: "கீழ்நாட்டு ராஜவேலு, தோத்தவரு, பத்து ரூவா!" பந்தல் முழுக்கச் சிரிப்பு. அண்ணனும் சிரித்தார். கூச்சமில்லாமல் அந்த வாசலில் அவர் நின்றதை அன்றைக்கு என் கண்ணால் பார்த்தேன். கிளம்பும்போது சின்னப்பொண்ணு ஓடிவந்து, ஒரு துணி முடிச்சை என் கையில் திணித்தாள். அவிழ்த்தால் கடுக்காய். "அன்னிக்கு நீ வாணாம்னு சொன்ன ரெண்டு கை. அடுத்த எலெக்‌ஷனுக்கு இப்பவே புடி."

தேர்தலில் ஜெயிக்க வைத்தால் கோட்டைக்குப் போகலாம் என்று என் பாடப் புத்தகத்தில் இருந்தது. தோற்க வைத்தால் தொகுதி முழுக்க ஒரு பந்தி விடாமல் உட்கார வேண்டியிருக்கும் என்பதைத்தான் ஒரு பேராசிரியரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.