மறித்து நின்றவரின் கால்கள்

ஓரிடத்தில் முதலில் வந்து நின்றவருக்கு அந்த இடத்தின்மேல் எவ்வளவு உரிமை? ஷர்மினியின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வந்தது. விடையைக் கண்டுவிட்டாள் என்று அடித்துச் சொல்ல முடியாது. கேள்வியை விட்டுக்கொடுக்கவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

புலம்பெயர்ந்து வந்த ஊரான ஹ்விடோவ்ரேயில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை. வார இறுதிகளில் கூடைப்பந்து நடுவர். இல்லத்தில் ஒருவரைக் கட்டிலிலிருந்து எழுப்புமுன் அவருடைய பாதங்கள் தரையில் பதிந்திருக்கின்றனவா என்று பார்ப்பாள், கைகொடுப்பது பிறகுதான். அந்தக் கண் ஆடுகளத்துக்கும் கூடவே வந்தது. பந்தோடு பாய்பவர் மறிப்பவர்மேல் மோதி விழுந்தால், மற்ற நடுவர்கள் விழுந்த சத்தத்துக்கு விசில் ஊதினார்கள். குற்றம் பெரும்பாலும் மறித்தவர் தலையில் விழுந்தது. அவள் கால்களைப் பார்த்தாள். மறித்தவர் முன்பே வந்து இரண்டு காலையும் ஊன்றியிருந்தால் குற்றம் பாய்ந்தவருடையது. விதிப்புத்தகமும் அதைத்தான் சொன்னது. புத்தகத்தில் இருப்பதைக் களத்தில் செய்யுங்கள் என்று நடுவர் குழுவுக்கு மூன்று தடவை எழுதினாள். ஆட்டத்தின் வேகம் கெடும் என்று மூன்று தடவையும் ஒரே பதில்.

மேல் லீக்குக்கான அவளுடைய தேர்வு ஆட்டம் பக்கத்து ஊரான இஷொயில் நடந்தது. கூட ஊதியவர் நீக்கிலாஸ், அவளைப்போலவே மட்டக்களப்புக்காரர்.

“தங்கச்சி, இண்டைக்கு மட்டும் எல்லாரும் ஊதுறமாதிரி ஊது. மேல போனாப்பிறகு உன்ர நியாயத்தைக் கதைக்கலாம்.”

“மேல போன நீங்கள் கதைச்சீங்களோ, அண்ணை?”

“எனக்கு வாய் ஒண்டுதான். அது விசிலுக்கே காணாது.”

கடைசி அரை நிமிடம். உள்ளூர் அணிக்காரன் பாய்ந்தான், மோதினான், பந்தும் கூடைக்குள் விழுந்தது. ஹால் முழுவதும் எழுந்து கத்தியது. மறித்தவனின் இரண்டு காலும் முன்பே ஊன்றியிருந்ததைப் பார்த்த ஷர்மினி விசில் ஊதி, கூடை செல்லாது என்று காட்டி, பாய்ந்தவன்மேல் குற்றம் சொன்னாள். உள்ளூர் அணி ஒரு புள்ளியால் தோற்றது.

அவளை மதிப்பிட வந்திருந்த மேற்பார்வையாளர் கெட்ட மனிதர் அல்ல. படிவத்தை அவள்பக்கம் தள்ளினார். “கடைசி முடிவில் சந்தேகம் இருந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். போதும், தேர்ச்சி தந்துவிடுகிறேன்.”

அவள் பேனாவை வாங்கி, ‘சந்தேகம் இல்லை’ என்று எழுதினாள்.

“உனக்கு விசர் பிடிச்சிட்டுது,” என்றார் நீக்கிலாஸ், காரை எடுத்தபடி.

“ஓம்.”

தேர்வு போயிற்று. அவள் கீழ் லீக்கிலேயே ஊதினாள், அதே விதமாக. பயிற்றுநர்கள் திட்டினார்கள், ஊதினாள்.

இரண்டு ஆட்டப் பருவம் கழித்து, மோதல்களில் காயங்கள் கூடியபோது, குழு இறங்கிவந்தது. ‘முதலில் கால்களைப் பார்’ என்பது பயிற்சியின் முதற்பாடமாயிற்று. பயிற்சி நாளில் இஷொய் ஆட்டத்தின் கடைசி அரை நிமிடத்தையே முன்மாதிரியாகத் திரையில் காட்டப்போவதாக அறிவித்தார்கள். நீக்கிலாஸ் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டக் காத்திருந்தார்.

ஷர்மினி எழுந்துபோய் அதை நிறுத்தச் சொன்னாள். தன் பையிலிருந்து வேறொரு பதிவை எடுத்துக் கொடுத்தாள். எட்டு வருடத்துக்கு முந்திய ஆட்டம் அது. கால் ஊன்றி அசையாமல் நின்ற ஒரு பெண்மேல் மற்றவள் மோதி விழுகிறாள். நின்றவள்மேல் குற்றம் சொல்லி ஊதுவது ஷர்மினி.

அதையே போட்டார்கள். ஏன் என்று நீக்கிலாஸ் எத்தனையோ தடவை கேட்டுவிட்டார். “அந்தப் பிள்ளைதான் முதல்ல வந்து நிண்டவள், அண்ணை,” என்பாள் ஒவ்வொரு தடவையும்.