சவுக்கு மரத்து ஆணி

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் நிற்கும் சவுக்கு மரத்தில் ஓர் ஆணி இருக்கிறது. அம்மாவின் உச்சிமுடியை வெட்டி, அதைச் சுற்றி அடித்த ஆணி. முடி எப்போதோ மழையில் போய்விட்டது. ஆணித்தலை மட்டும் பட்டைக்குள் பாதி புதைந்து தெரிகிறது.

எல்ல என்ற சுற்றுலா ஊரில் நான் வேலை செய்யும் விடுதியில் இப்போது ஆன்மாவைக் குணப்படுத்தும் சடங்கு என்று ஒரு பலகை தொங்குகிறது. அதில் என்ன நடக்கும் என்று வெளிநாட்டுக்காரர்கள் என்னிடம்தான் கேட்பார்கள். கண்ணை மூடிப் படுங்கள், மேளம் தட்டுவார்கள், மனசு லேசாகும் என்று சொல்லிச் சிரித்து வைப்பேன். எனக்குத் தெரிந்த சடங்கு வேறு.

அப்போது நான் சின்னப் பிள்ளை. அம்மா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போக எல்லாம் தயாராகியிருந்த நேரம். திடீரென்று சாப்பாட்டை விட்டாள், பேச்சை விட்டாள், சுவரைப் பார்த்தபடியே கிடந்தாள். ஓடைப்பக்கம் எதையோ பார்த்துப் பயந்திருக்கிறாள் என்று லயமே முடிவு கட்டியது. பிரசவத்தில் செத்த ஒருத்தியை அந்த ஓடைக்கு மேலேதான் புதைத்திருந்தார்கள். அப்பா போய்க் கோடாங்கியைக் கூட்டிவந்தார்.

சாம்பிராணிப் புகைக்கு நடுவே அம்மாவை உட்காரவைத்து, கூந்தலை அவிழ்த்துவிட்டு, கோடாங்கி உடுக்கை அடித்தார். அடி ஏற ஏற அம்மாவின் தலை சுழன்றது.

"யாரு நீ? ஒனக்கு என்ன வேணும்? சொல்லு!"

"எம்புள்ளைய விட்டுட்டு என்னால இருக்க முடியாது! அது என்னயத் தேடி அழும்!" என்று கத்தினாள் அம்மா.

"பாவம், புள்ள மொகத்தக்கூடப் பாக்காம செத்தவதானே" என்று கண்ணைத் துடைத்தாள் அத்தை. எல்லாரும் தலையாட்டினார்கள். ஐயோ, அந்தப் பிள்ளை அத்தை மடியிலேயே இருக்கிறதே என்று அங்கே ஒருவருக்குமா தோன்றவில்லை! அம்மா என் பக்கம் கையை நீட்டினாள். பேய் பிள்ளையைக் கேட்கிறது என்று அத்தை என்னைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள்.

கோழி அறுத்தார்கள், உச்சிமுடியில் பேயைக் கட்டிச் சவுக்கு மரத்தில் ஆணி அடித்தார்கள். மறுநாள் அம்மா எழுந்து சோறு தின்றாள். பேய் போய்விட்டது என்று அப்பாவுக்கு அத்தனை சந்தோஷம். கொஞ்ச நாளில் அம்மா பையோடு பதுளை பஸ்ஸில் ஏறிவிட்டாள். அவள் திரும்பி வந்தபோது எனக்கு மீசை முளைத்திருந்தது. அதற்குப் பிறகு ஒரே வீட்டில் இருக்கும்போதும், விருந்துக்கு வந்தவர்களைப் போலத்தான் நாங்கள் பழகுகிறோம்.

நேற்று லீவில் வீட்டுக்கு வந்தவன் கேட்டே விட்டேன். "அன்னைக்குப் பேசுனது யாரும்மா?"

"நாந்தான். வேற யாரு?" அடுப்பிலிருந்து அவள் திரும்பவில்லை. "அதுக்கு முந்தி, ஒனக்கு என்ன வேணும்னு எங்கிட்ட யாரு கேட்டா? அன்னைக்குத்தான் கேட்டாங்க. சொன்னேன். பேயின்னுட்டாங்க. அப்புறம் என்னத்தச் சொல்ல?"

குறடு எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். எவ்வளவு இழுத்தும் பட்டை ஆணியை விடவில்லை. உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்.

"தம்பி, தேத்தண்ணிக்குச் சீனி எத்தன கரண்டி போடணும்?"